அவுட்டோர்

சித்திரை பதினாறு. கத்திரி பிறக்க இன்னும் அஞ்சு நாள்.
மணி ஒன்பதாகவில்லை, பதினாலு அழைப்பு.
எல்லாருக்கும் ஒரே புகார்: ஓடுது, குளிரல.

ஆரப்பாளையத்தில் மூணாவது மாடி.
சன்ஷேடில் குந்தி ஸ்பேனர் கேட்கிறான் ஒச்சு.
அவன் இடுப்புக் கயிற்றை ஜன்னல் கம்பியில் சுற்றி
மறுமுனையை நான் பிடித்திருக்கிறேன்.
தகரத்தில் முழங்கை பட்டுக்
கெட்ட வார்த்தை ஒன்றைக் கீழே போட்டான்.
தெருவில் இளநீர்க்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

பழைய கேஸ் பாதி இருக்கிறது.
இருப்பதை மெஷின் வைத்துச் சிலிண்டரில் பிடிக்கணும்,
கோயம்புத்தூர் பயிற்சியில் அப்படித்தான் சொன்னார்கள்.
ஒரு கிலோ வெளியே போனால்
கிட்டத்தட்ட இரண்டு டன் கரியமில வாயு போன மாதிரி என்று
போர்டில் எழுதி அடிக்கோடும் போட்டார்கள்.
மெஷின் விலை எழுபதாயிரம்.
பிடிக்க முக்கால் மணி நேரம்.
இன்னும் பதிமூணு வீடு.
"தொறந்து விடுறா" என்றேன்.

ஸ்ஸ்ஸ்.
குக்கர் அடங்குகிற நேரம்கூட ஆகவில்லை.
நிறமில்லை, நாற்றமில்லை.
ஒச்சு விரலில் மட்டும் கொஞ்சம் வெள்ளையாய்ப் பனி.
காட்டிச் சிரித்தான்.
மதுரையில், சித்திரையில், பனி.

பில் எழுதினேன்:
கேஸ் சார்ஜ், இரண்டாயிரத்து எண்ணூறு.
உள்ளே போனதற்குத்தான் அந்தப் புத்தகத்தில் கட்டம் உண்டு.

குளிர் என்று ஒரு சரக்கு கிடையாது.
இருபது வருஷத்தில் நான் தெரிந்துகொண்டது அவ்வளவுதான்.
அறைக்குள் கிடக்கிற சூட்டை அள்ளிச்
சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டுவது.
அள்ளுகிற கூலி கரண்டு.
கரண்டுக்குத் தூத்துக்குடியில்
கப்பல் கப்பலாய் வந்திறங்கும் கரி.

அந்தப் பக்கம் என்றால்
இங்கே மூணடிச் சந்து தாண்டி
ஜெசிந்தாக்காவின் அடுப்படி.
ஏழு வருஷம் முன்னால் இதே பெட்டியை மாட்டியபோது
தோசைக்கரண்டியோடு ஜன்னலுக்கு வந்தார்.
"ஒங்க அனல எங்க வீட்லயாய்யா கொட்டுவீங்க?
கறிவேப்பிலத் தொட்டி கருகிரும்ல?"
பெட்டியை ஓரடி தள்ளி வைத்தேன்.
அனல் ஓரடி தள்ளிப் போய்
அதே ஜன்னலுக்குத் திரும்பியது.
தொட்டி அந்தக் கோடையைத் தாண்டவில்லை.

பதினைந்தாவது அழைப்பு
சந்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து.
காதில் போனோடு ஜன்னலைத் திறந்து
கையாட்டுகிறார் ஜெசிந்தாக்கா.
மாசத் தவணையில் ஒன்று எடுத்திருக்கிறாராம்.
மகள் பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள்.
பிள்ளைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு.
"ஒங்க கையாலயே மாட்டிருங்க தம்பி."

மாட்டினோம். வேறென்ன செய்ய.
பிள்ளை அழுகையை விட்டுவிட்டு
மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்தது.
அதைப் பார்த்தபின் என்னிடம் வாதம் இல்லை.

"அவுட்டோர எங்கண்ணே வைக்க?"
இரண்டு பக்கம் சுவர். ஒரு பக்கம் சந்து,
அங்கே ஏற்கெனவே நான் மாட்டியது ஊதுகிறது.
மிச்சமிருந்த பக்கத்தில், கீழே,
தகரக் கொட்டகையில் இஸ்திரி போடும் கருத்தக்கண்ணன்.
பெட்டிக்குள் சிரட்டைக் கரி, தலையில் ஈரத்துண்டு.
அவர் நிமிரவில்லை.
பெட்டியின் முகத்தை அவர் பக்கம் திருப்பி
நாலு போல்ட்டையும் முறுக்கினேன்.

ராத்திரி பதினொன்றரை. என் வீட்டு மொட்டை மாடி.
எங்கள் ஏரியாவுக்குப் பெயர் கரிமேடு.
யார் வைத்தார்களோ.
தளத்தில் இன்னும் வெறுங்கால் பதிக்க முடியவில்லை.
கீழே என் பெட்டியும்தான் ஓடுகிறது, பொய் சொல்வானேன்.
வக்கீல் ஒருவர் கழித்துப் போட்டது.
எங்கோ கசிகிறது,
மூணு மாதத்துக்கு ஒருமுறை நிரப்பிக்கொள்கிறேன்.
தெரு நெடுக உறுமல்.
எண்ணிப் பார்த்தேன், பாதிக்கு மேல் என் கைவேலை.
எல்லாம் வானத்துக்குள் ஊதுகின்றன,
வானத்துக்கும் அந்தப் பக்கம் ஒன்று இருக்கிற மாதிரி.

கருத்தக்கண்ணன் நாளைக்கு என்ன கேட்பார் என்று
யோசித்துக்கொண்டே படுத்தேன்.
கேட்க மாட்டார்.
என் சட்டை இரண்டு அவரிடம் கிடக்கிறது.
வெள்ளிக்கிழமை போய் வாங்கணும்.